சாக்கடை ஓடிய பள்ளத்தாக்கில் தரத்துக்குப் போட்ட கையெழுத்து: ரூர் மறுசீரமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரியும் இரும்பும் கைவிட்டுப் போன பிறகு, மிச்சமிருந்த நிலத்தை என்ன செய்வது என்று 1989ல் ஒரு பெரிய வேலை தொடங்கியது. டூயிஸ்பர்க்கிலிருந்து கிழக்கே பெர்க்காமன் வரை 17 ஊர்கள், சுமார் 800 சதுர கிலோமீட்டர், 20 லட்சம் மக்கள். பத்து வருடத்தில் ஏறக்குறைய 120 திட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு திட்டத்துக்கும் வடிவமைப்புத் தரத்துக்கு எழுத்தில் உறுதி கேட்டார்கள், அதுதான் இதன் தனித்தன்மை. ‘எம்ஷர் பார்க் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி’ என்பது முழுப்பெயர். ஜெர்மன்காரர்கள் சுருக்கமாக ஐபிஏ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நகரத் திட்டமிடல் எனக்குத் தொழில். இதைப் பற்றிப் பேசப் போகிற இடத்திலெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கண்காட்சி என்கிறீர்களே, எதைக் காட்சிக்கு வைத்தார்கள்?

கட்டடங்களையேதான். ஜெர்மனியில் இது நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். 1901ல் டார்ம்ஷ்டாட்டில் கலைஞர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுகளையே காட்சியாக வைத்தார்கள். 1927ல் ஷ்டுட்கார்ட்டில், 1957லும் 1987லும் பெர்லினில் இதே மாதிரி நடந்தது. பந்தல் போட்டுப் பிரிக்கிற கண்காட்சி இல்லை இது. கட்டியதில் மக்கள் குடியேறுவார்கள், கட்டடம் அங்கேயே நிற்கும். ஆனால் அதுவரை ஒரு குடியிருப்பு அல்லது ஒரு நகரம் என்ற அளவில்தான் செய்திருந்தார்கள். ஒரு முழு வட்டாரத்தையே எடுத்துக்கொண்டது எம்ஷரில்தான் முதல் தடவை.

அந்த இடம் அவ்வளவு மோசமாகவா இருந்தது?

இந்த வட்டாரத்தில் ஓடும் எம்ஷர் ஆற்றின் கதையைச் சொன்னால் போதும், புரிந்துவிடும்.

நிலத்துக்கு அடியில் கரியைத் தோண்டத் தோண்ட மேலே தரை அமிழ்ந்துகொண்டே போனது. அப்படிப்பட்ட மண்ணில் பாதாளச் சாக்கடை போட முடியாது, குழாய் உடைந்துவிடும். அதனால் 1899ல் ஊர்களும் சுரங்கங்களும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, ஆற்றையே சாக்கடையாக மாற்ற முடிவெடுத்தன. வளைந்து ஓடிய ஆற்றை நேராக்கினார்கள். அடியில் கான்கிரீட் தொட்டி மாதிரிப் பலகைகளைப் பதித்தார்கள். வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு, சுரங்க நீர் எல்லாம் திறந்த வெளியில் ஓடியது. தரை அமிழ்ந்து வாட்டம் கெட்டுப்போனதால் ரைன் நதியில் கலக்கும் முகத்துவாரத்தையே 1910லும் 1949லும் வடக்கே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அந்த ஓடைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் ‘பீ வாய்க்கால்’ என்றுதான் வரும். விழுந்தால் ஏற முடியாது என்பதால் கரை நெடுக வேலி போட்டு, உயிருக்கு ஆபத்து என்று பலகை மாட்டியிருந்தார்கள். தன் ஊர் ஆற்றங்கரையில் ஒருமுறைகூட நிற்காமலே வளர்ந்த தலைமுறைகள் உண்டு.

1958ல் நிலக்கரிக்குச் சந்தையில் அடி விழுந்தது. அப்போது ரூர் சுரங்கங்களில் சுமார் 5 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். அடுத்த முப்பது வருடம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கமும் உலையும் மூடிக்கொண்டே போயின. விஷம் ஏறிய மண்ணும், துருப்பிடித்த உலைகளும், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த குன்றுகளும், மூடிய கேட்டுகளும்தான் மிச்சம்.

வேலையே இல்லாத ஊரில் வடிவமைப்புத் தரம் எதற்கு? அது பணக்கார ஊர்களின் கவலை இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். என் பதில் நேர் எதிர். நலிந்த ஊருக்குத்தான் தரம் கூடுதலாக வேண்டும். வளர்கிற ஊரில் ஒரு மோசமான கட்டடம் வந்தால் அடுத்த இருபது வருடத்தில் அதை இடித்து வேறு கட்டுவார்கள். நலிந்த ஊரில் இரண்டாவது வாய்ப்பு வராது. அரசாங்கம் ஒரே ஒருமுறை பெரும் பணம் கொண்டுவரும். அதை அவசரமாகத் தகரக் கொட்டகைகளில் கொட்டிவிட்டால் அந்த ஊர் அப்படியேதான் கிடக்கும். படித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம், தரம் என்றால் பளபளப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். கெல்சன்கிர்ஷனில் ஷூங்கல்பெர்க் என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பைப் பாருங்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். பக்கத்திலேயே சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ரோல்ஃப் கெல்லரைக் கொண்டு 200க்கும் மேற்பட்ட புது வீடுகளைக் கட்டினார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். யாரையும் கிளப்பாமல் வேலை நடந்தது. கூரையில் விழும் மழைநீர் சாக்கடைக்குப் போகாது. வீட்டு முன்னால் புல் முளைத்த ஆழமில்லாத பள்ளத்தில் தேங்கி, அடியிலுள்ள சரளைக்கல் படுகை வழியாக மெல்ல மண்ணுக்குள் இறங்கும். புதுத் தெருக்கள் பின்னாலிருக்கும் கழிவுக் குன்றைப் பார்த்தபடி நீளும். ஒரு மூட்டைச் சிமெண்ட்கூட ஆடம்பரத்துக்குச் செலவாகவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது நடந்து போகும்போதே தெரியும்.

தரத்துக்கு உறுதி கொடுத்தார்கள் என்கிறீர்கள். வாயால் சொன்னால் போதுமா?

போதாது. இதுதான் ஐபிஏ கற்றுக்கொடுத்த முக்கியமான விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபிஏ என்பது நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம். கெல்சன்கிர்ஷனில் ஒரு பழைய சுரங்க வளாகத்தில் அலுவலகம், சுமார் முப்பது பேர். பத்து வருடத்தில் கடையைக் கட்டிவிட வேண்டும் என்பது முதல் நாளே எழுதப்பட்ட விதி. நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் கிடையாது, கட்டட அனுமதி தரும் அதிகாரமும் கிடையாது. மாநில நகர வளர்ச்சி அமைச்சர் கிறிஸ்டோஃப் சோபல் யோசனையைத் தொடங்கிவைத்தார். நடத்தியவர் கார்ல் கான்சர். புவியியல் படித்தவர், அதற்கு முன்னால் அதே அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். எந்த நிதி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி.

நடைமுறை இதுதான். ஊராட்சிகள், கம்பெனிகள், குடியிருப்போர் சங்கங்கள், யார் வேண்டுமானாலும் யோசனை அனுப்பலாம். அமைச்சகங்களும் ஊர்களும் தொழிற்சங்கங்களும் இயற்கை அமைப்புகளும் உட்கார்ந்த வழிநடத்தும் குழு அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும். தேர்வானால் ஐபிஏ முத்திரை கிடைக்கும். அந்த முத்திரை இருந்தால் மாநில அரசின் ஏற்கெனவே உள்ள மானியத் திட்டங்களில் முன்னுரிமை உண்டு. ஆனால் முத்திரை சும்மா வராது. திட்டத்தை நடத்துபவர் தர ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். சூழல், சமூகம், வடிவமைப்பு மூன்றிலும் எந்த அளவுக்குச் செய்வோம் என்று அதில் எழுதியிருக்கும். வடிவமைப்பாளரைப் போட்டி வைத்தோ, பல குழுக்களை அழைத்துப் பட்டறை நடத்தியோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

கவனியுங்கள், பணம் கைமாறுவதற்கு முன்னால் கையெழுத்து. டெண்டர் விட்டு, அஸ்திவாரம் போட்டு, அதன் பிறகு ஒரு ஆலோசகரைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் அழகாக்கிக் கொடுங்கள்’ என்று கேட்கிற வழக்கத்தை நான் வேலை செய்த இடங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மாற்றக்கூடியது பெயிண்ட் மட்டும்தான். ஐபிஏவில் தரம் என்பது மானியத்தின் நிபந்தனை. நிபந்தனை என்றால் நிதி அதிகாரியும் அதைப் படித்தே ஆக வேண்டும்.

ஐபிஏ கையில் எவ்வளவு பணம் இருந்தது?

சொந்தமாகக் கட்டுமான நிதி எதுவும் இல்லை. பத்து வருடத்தில் இந்தத் திட்டங்களுக்குள் வந்தது மொத்தம் சுமார் 500 கோடி ஜெர்மன் மார்க். அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம், மீதி தனியார். புதுசாக ஒரு பெரிய உண்டியல் வைக்காமல், எப்படியும் செலவாகப் போகிற பணத்தை நல்ல வழியில் திருப்பிவிட்டார்கள். நிலமும் முக்கியம். 1980லேயே மாநிலம் ஒரு நிலநிதியை ஏற்படுத்தி, மூடிப்போன ஆலைகளின் இடங்களை வாங்கத் தொடங்கியிருந்தது. நிலம் அரசின் கையில் இருந்ததால்தான் விலையேற்றத்துக்குப் பயப்படாமல் நிதானமாக யோசிக்க முடிந்தது.

போட்டி, பட்டறை என்று போனால் தாமதம்தானே ஆகும்?

முதல் ஒரு வருடம் தாமதம் ஆகும், மறுக்கவில்லை. அந்த ஒரு வருடம் என்ன தரும் என்பதற்கு டூயிஸ்பர்க் நோர்ட் பூங்காவை விடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று பூங்கா இருக்கும் இடத்தில் இருந்த மைடெரிஷ் இரும்பு ஆலை 1985ல் நின்றது. இடித்துத் தரைமட்டமாக்குவது என்றே பேச்சு இருந்தது. உலை இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து நின்றார்கள். ஐபிஏ ஐந்து குழுக்களை அழைத்தது. ஒவ்வொரு குழுவும் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ளவர்களோடு பேசி, தன் திட்டத்தை வைத்தது. வென்றவர் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ். எல்லாரிலும் குறைவாகக் கை வைத்தவர் அவர்தான்.

பழைய தாது கிடங்குகளின் கான்கிரீட் சுவர்கள் மலையேறிகள் பயிற்சி எடுக்கும் சுவர்களாயின. விஷம் ஏறிய மண்ணை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பாமல் கிடங்குக்குள்ளேயே மூடி முத்திரையிட்டார்கள். காஸோமீட்டர் என்ற பழைய வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்போர் பழக விட்டார்கள். 45 மீட்டர் அகலம், 13 மீட்டர் ஆழம். ஆலைக்குள் ஓடிய பழைய எம்ஷரின் சாக்கடையைக் குழாயில் அடக்கி மண்ணுக்குள் புதைத்தார்கள். அதன் மேலே மழைநீர் மட்டும் ஓடும் கால்வாய் வந்தது. இரும்புத் தாதுவை உருக்கிய ஐந்தாவது ஊது உலையின் உச்சிக்கு யார் வேண்டுமானாலும் ஏறலாம், கட்டணம் கிடையாது.

நான் அங்கே அதிக நேரம் நின்றது உலைகளுக்கு நடுவிலுள்ள சதுக்கத்தில்தான். ஆலையின் வார்ப்புக் குழியில் கிடந்த 49 இரும்புத் தகடுகளை எடுத்துச் சுத்தம் செய்து, ஏழுக்கு ஏழாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பல டன் எடை. குனிந்து பார்த்தால் மேற்பரப்பில் அரித்த கோடுகள், குழிகள். பல வருடம் உருகிய இரும்பு ஓடி ஓடிப் போட்ட தடம் அது. நான் போன அன்று காலை தூறியிருந்தது. குழிகளில் நின்ற தண்ணீரைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துரு வளையம். பக்கத்தில் ஒரு குழந்தை தகட்டிலிருந்து தகட்டுக்குப் பாண்டி விளையாடுகிற மாதிரித் தாவிக்கொண்டிருந்தது. துரு பிடிக்கட்டும் என்று விட்டதுகூட வடிவமைப்பாளர் எடுத்த முடிவு. அவசரத்தில் அந்த முடிவை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

பழைய ஆலைகளைப் பராமரிப்பது இடிப்பதைவிடச் செலவு இல்லையா?

இடிப்பதும் மலிவு கிடையாது. ஒரு ஊது உலையைப் பிரித்தெடுத்து, மண்ணைச் சுத்தம் செய்து, குப்பையை அகற்றப் பெரும் தொகை வேண்டும். கடைசியில் கையில் இருப்பது வெறும் மைதானம். அந்தத் தொகையைப் பராமரிப்புக்குத் திருப்பினால் பல வருடம் ஓட்டலாம் என்பதுதான் ஐபிஏ வைத்த கணக்கு.

எஸ்ஸனில் உள்ள சோல்ஃபெரைன் சுரங்கத்தை இந்தக் கணக்கு காப்பாற்றியது. ஃப்ரிட்ஸ் ஷுப், மார்ட்டின் க்ரெம்மர் இருவரும் வடிவமைத்து 1932ல் திறக்கப்பட்ட அதன் 12ஆம் குழி, சுரங்கம் இவ்வளவு நேர்த்தியாக இருக்க முடியுமா என்று கேட்க வைக்கும். 1986 டிசம்பரில் மூடினார்கள். கொதிகலன் கூடத்தை பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 1997ல் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாற்றினார், பழைய கொதிகலன்கள் உள்ளேயே நிற்கின்றன. 2001ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. நிலக்கரி கழுவிய கூடம் 2010ல் ரூர் அருங்காட்சியகம் ஆனது. ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயரக் காஸோமீட்டரைக் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். 1999ல் கலைஞர் தம்பதி கிறிஸ்டோவும் ஜான் கிளாடும் அதற்குள் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

கழிவுக் குன்றுகளை என்ன செய்தார்கள்?

ஏறிப் பார்க்கும் இடமாக்கினார்கள். பாட்ரோப்பில் ஒரு குன்றின் மேல் வொல்ஃப்காங் கிறிஸ்ட் வடிவமைத்த முக்கோணக் கூம்பு 1995 முதல் நிற்கிறது. 50 மீட்டர் உயரம், எஃகுக் குழாய்கள், நடுவில் தொங்கும் படிகள். காற்று அடித்தால் படி லேசாக ஆடும், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்ஸனின் ஷூரன்பாக் குன்றில் மரமே வைக்காமல் கறுப்பாக விட்டு, உச்சியில் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ஒற்றை எஃகுப் பலகையை 1998ல் நட்டார்கள். தட்டையான அந்த நிலத்தில் முன்பு எங்கே நின்றாலும் ஒரு புகைபோக்கி தெரியும். இப்போது இவை தெரிகின்றன. ஊருக்கு ஒரு அடையாளம் வேண்டுமே.

சரி, வேலைவாய்ப்பு வந்ததா?

இழந்த அளவுக்கு வரவில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியிலேயே வேலையின்மை மிக அதிகமுள்ள நகரங்களில் ஒன்று. வடிவமைப்பால் ஒரு தொழிலை உயிர்ப்பிக்க முடியாது, முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெர்ன நகரில் பழைய மோன்ட் செனி சுரங்க இடத்தில் 1999ல் பயிற்சி நிலையம் ஒன்றைப் பெரிய கண்ணாடிக் கூட்டுக்குள் கட்டினார்கள். கூரையில் 1 மெகாவாட் சூரிய மின்தகடுகள் உண்டு. மூடிய சுரங்கத்திலிருந்து கசியும் மீத்தேனையும் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அருமையான கட்டடம்தான். ஆனால் சுரங்கத்தில் வேலை போனவருக்கு அது நேரடியாக வேலை கொடுக்கவில்லை, இதை ஒளிப்பதில் பயனில்லை.

ஐபிஏவுக்கு வெளியே கட்டியவை எப்படி?

ஓபர்ஹவுசனில் காஸோமீட்டருக்குப் பக்கத்திலேயே 1996ல் சென்ட்ரோ என்ற மிகப் பெரிய வணிக வளாகம் வந்தது. அது ஐபிஏ திட்டம் கிடையாது. நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பழைய நகர மையத்தின் கடைத்தெரு களையிழந்தது. டார்ட்மண்டில் 2001ல் மூடிய எஃகு ஆலையைப் பிரித்துச் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த ஆலை இருந்த இடத்தில் 24 ஹெக்டேரில் ஃபீனிக்ஸ் ஏரி பிறந்தது. கரையில் நடக்க இனிமையாக இருக்கும். ஆனால் கரையோர வீடுகள் எதிர்த் தெருவில் குடியிருக்கும் பழைய எஃகுத் தொழிலாளியால் வாங்கக்கூடியவை இல்லை. வீடு யாருக்கு என்ற கேள்விக்கும் தர ஒப்பந்தத்தில் இடம் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஏரிக்கரைதான் காரணம்.

பத்து வருடம் முடிந்து அலுவலகத்தை மூடிய பிறகு எல்லாம் நின்றுவிட்டதா?

இல்லை. ஆற்று வேலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்துவிட்டதால் தரை அமிழ்வது நின்றது, இனி குழாய் போடலாம் என்று 1992ல் தொடங்கினார்கள். எம்ஷரை ஒட்டி 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதாளக் கால்வாய், சில இடங்களில் 40 மீட்டர் ஆழம். கிளை ஓடைகளையும் சேர்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் குழாய். செலவு சுமார் 550 கோடி யூரோ. 2021 இறுதியிலிருந்து எம்ஷரில் சாக்கடை நீர் விழவில்லை.

முப்பது வருடம், எத்தனையோ தேர்தல்கள், ஆட்சி மாற்றங்கள். வேலை நிற்காததற்குக் காரணம் அதைச் செய்தது 1899லிருந்து இருக்கிற அதே கூட்டுறவு. ஆற்றை நாசமாக்கிய அமைப்பே ஆற்றை மீட்டது. பொறியாளர் வேலை என்று விட்டுவிடாமல் வடிவமைப்பையும் கூடவே அழைத்துச் சென்றார்கள். பாட்ரோப்பில் கைவிடப்பட்ட ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வட்டத் தொட்டியில் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடோல்ஃபும் இன்னொரு குழுவும் சேர்ந்து செடிகளால் படிக்கட்டு அரங்கு மாதிரித் தோட்டம் அமைத்தார்கள். பக்கத்தில் பெரிய கான்கிரீட் சாக்கடைக் குழாய்களை அறையாக்கி, இரவு தங்க விடுகிறார்கள். உள்ளே ஒரு மெத்தை, ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் இப்படி முயன்றிருக்கிறார்களா?

பிரிட்டனில் லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் முகத்துவாரப் பகுதியை 2000களில் இதைவிடப் பெரிய அளவில் வளர்க்கத் திட்டமிட்டார்கள். கட்டட வடிவமைப்புக்கென்று 1999ல் உருவான கேப் என்ற அரசு ஆலோசனை அமைப்பு, அங்கே கட்டுபவர்களைத் தர உறுதிமொழிக்குள் கொண்டுவரப் பாடுபட்டது. நல்ல எண்ணம்தான், நல்ல ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது ஆலோசனை, ரூரில் போல மானியத்தின் நிபந்தனை இல்லை. 2008ல் வீட்டுச் சந்தை விழுந்தது, 2011ல் அந்த அமைப்பையே இன்னொன்றோடு இணைத்துவிட்டார்கள்.

ரூரில் தமிழர்கள் இருக்கிறார்களா?

நிறைய. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பல இந்த மாநிலத்தில் குடியேறின. ரூரின் கிழக்கு ஓரத்தில் ஹாம் நகரத் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள் கோயில் 2002 முதல் கோபுரத்தோடு நிற்கிறது. தேர்த்திருவிழாவன்று கிடங்குகளுக்கு நடுவே தேர் வரும், தீர்த்தம் ஆடுவது சரக்குக் கப்பல் போகும் கால்வாயில். இது ஐபிஏ கட்டியது இல்லை. ஆனால் ஆலைகளுக்கென்று ஒதுக்கிய மண்ணை வாழும் இடமாக மாற்றிய வேலையில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

காலையில் சோல்ஃபெரைன், மதியத்துக்கு மேல் டூயிஸ்பர்க் நோர்ட். வெள்ளி, சனி, ஞாயிறில் போங்கள். இருட்டியதும் ஜோனதன் பார்க் அமைத்த விளக்குகள் உலைகள் மேல் பச்சையும் சிவப்பும் நீலமுமாக எரியும். ஐந்தாவது உலையின் மேல்தளத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். படிகள் இரும்புக் கம்பி வலையால் ஆனவை, கீழே தரை தெரியும். ஹீல்ஸ் செருப்பு வேண்டாம். குளிர்காலம் என்றால் கையுறை கட்டாயம், கைப்பிடி இரும்பு விரலைக் கடிக்கும்.